வீடு எதனால் நிற்கிறது?



நான் வாழும் ஆலத்தியூர் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வட்டாரத்தைக் கடல் மூடியிருந்தது என்று நிலவியலார் கூறுவர். அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்தபின் அவற்றின் ஓடுகள் அடியில் படிந்து, காலப்போக்கில் சுண்ணாம்புக் கல்லாக இறுகின. அக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் கலந்து அரைத்தால் கிடைப்பதே சிமெண்டு. எங்கள் ஊரில் 1997ஆம் ஆண்டு ஒரு பெரிய சிமெண்டு ஆலை தன் வேலையைத் தொடங்கிற்று. இங்கிருந்து மூட்டை மூட்டையாகச் சிமெண்டு வெளியூர்களுக்குச் செல்கிறது.

சிமெண்டு பிறக்கும் ஊரில் வீடுகள் எல்லாம் உறுதியாகத்தானே இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் பகுதியிலும் குடிபுகுந்த சில ஆண்டுகளுக்குள் சுவரில் விரிசல் கண்ட வீடுகள் உள்ளன; முனை தாழ்ந்துவிட்ட சன்ஷேடுகள் உள்ளன; கதவு நிலை கோணிப் பூட்ட முடியாமற் போன அறைகளும் உள்ளன. இவ்வீடுகளுள் பலவற்றில் நல்ல சிமெண்டும் நல்ல கம்பியுமே இடப்பட்டன. வேலை செய்தவர்களும் கைதேர்ந்தவர்களே. பின், குறை எங்கே நேர்ந்தது? வீடு நிற்பதற்குப் பொருளும் கைத்திறனும் வேண்டும். அவற்றோடு ஒரு கணக்கும் வேண்டும். அக்கணக்கைப் போடுபவரையே கட்டமைப்புப் பொறியாளர் என்று அழைக்கிறோம். அவர் யார், அவர் செய்யும் பணி யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு வீடு உருவாவதற்குப் பலர் துணை நிற்கின்றனர். எந்த அறை எங்கே இருக்க வேண்டும், காற்றும் வெளிச்சமும் எவ்வழி வர வேண்டும் என்று திட்டமிடுபவர் கட்டடக் கலைஞர். வேலையை ஏற்று ஆட்களைக் கொண்டு முடித்துத் தருபவர் ஒப்பந்தக்காரர். செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புபவர் கொத்தனார். கம்பியை வளைத்துக் கட்டுபவரும், பலகை அடித்துச் சென்டரிங் அமைப்பவரும் வேறு வேறு தொழிலாளர். கட்டமைப்புப் பொறியாளர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இவ்வீட்டின் எடை எவ்வளவு? அஃது எவ்வழியாகச் சென்று மண்ணைச் சேர்கிறது? வழியிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் அதனைத் தாங்குமா?" இக்கேள்விக்கு விடையைக் கண்மதிப்பால் கூறாமல், எண்களால் கூறுவதே அவர் தொழில்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேல்தளம் 12.5 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டால் ஆனது. பரப்பு 20 சதுர மீட்டர்; கன அளவு இரண்டரைக் கன மீட்டர். கம்பியோடு கூடிய கான்கிரீட்டு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே தளத்தின் எடை மட்டும் 6,250 கிலோகிராம். அதன்மேல் பூச்சுக்கும் தரை ஓட்டிற்கும் சதுர மீட்டருக்கு 100 கிலோகிராம் எனக் கொண்டால் 2,000 கிலோகிராம் கூடும். மாடியில் மக்கள் நடமாடுவர்; கட்டிலும் அலமாரியும் இருக்கும். குடியிருப்பு வீட்டின் அறைகளுக்கு இவ்வகைச் சுமையைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் என்று இந்தியத் தர விதிகள் வகுத்துள்ளன. அதற்கு 4,000 கிலோகிராம். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டே கால் டன் ஆயிற்று. வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை ஏறத்தாழ நான்கு டன். ஓர் அறையின் கூரைமேல் மூன்று யானைகளை நிறுத்திவிட்டு, அதன் கீழே நாம் பாய் விரித்து உறங்குகிறோம்!

இந்தப் பன்னிரண்டு டன் தளத்திலிருந்து உத்தரத்திற்கும், உத்தரத்திலிருந்து தூணிற்கும், தூணிலிருந்து கடைக்காலுக்கும், கடைக்காலிலிருந்து மண்ணுக்கும் இறங்குகிறது. ஊற்று நீர் வாய்க்கால் வழியே வயலுக்குச் செல்வது போன்றது இது. வாய்க்காலில் ஓரிடம் குறுகலாக இருந்தால் அங்கே கரை உடையும். எடை செல்லும் வழியில் ஓர் உறுப்பு மெலிந்திருந்தால் அங்கே கட்டடம் உடையும்; மற்ற உறுப்புகள் எவ்வளவு பருமனாயிருந்தும் பயனில்லை. "பெரிய தூணாகப் போட்டுவிட்டோம், இனி அச்சமில்லை" என்று சொல்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, கம்பி எதற்காக இடப்படுகிறது? வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் இதனைச் சாக்குக்கட்டியைக் கொண்டே விளக்கி வந்தேன். ஒரு சாக்குக்கட்டியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி விரலால் அழுத்துங்கள், எளிதில் நொறுங்காது. அதையே இரு முனைகளில் பிடித்து வளையுங்கள். உடனே இரண்டாக முறியும். கான்கிரீட்டின் இயல்பும் இதுவே. அமுக்கத்தை அது நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வளையும் பொருளின் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தில்தான் முறிவு தொடங்குகிறது.

கல்லின் இயல்பும் அத்தகையதே. எங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்ட அதில் பெரும்பாலும் அமுக்கமே உண்டு. ஆதலால் ஆயிரம் ஆண்டுகளாய் நிற்கிறது. ஆனால் நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று என்றேனும் எண்ணினீர்களா? இரு தூண்களுக்கு இடையே கிடத்திய கல் உத்தரம் வளைந்தால் அதன் அடிப்பக்கம் இழுபட்டு முறியும். அதனை அறிந்த பண்டைச் சிற்பிகள் இடைவெளியைக் குறுக்கித் தூண்களைப் பெருக்கினர். அவர்களும் தம் காலத்துக் கட்டமைப்புக் கணக்கை அறிந்தவர்களே.

இன்று கான்கிரீட்டின் இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பியை இடுகிறோம். எஃகு இழுப்பைத் தாங்கும். வெயிலில் விரிவதிலும் குளிரில் சுருங்குவதிலும் எஃகும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவின. ஆகவே இரண்டும் பிரியாமல் ஒன்றாய் உழைக்கின்றன. எனவே, கம்பி எவ்வளவு என்பதைப் போலவே, எங்கே என்பதும் முதன்மையான கேள்வி. இரு சுவர்களின்மேல் அமர்ந்த தளம் நடுவில் தொய்ய முயலும், அடிப்பக்கம் இழுபடும், அங்கே முதன்மைக் கம்பி கீழே இருக்க வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடோ, பால்கனியோ முனையில் தொங்க முயலும். அங்கே மேற்பக்கம் இழுபடும். ஆதலால் கம்பி மேலே இருக்க வேண்டும். தளத்தின் பழக்கத்தால் பால்கனிக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டால், அளவு குறையாத கம்பியும் அங்கே வீண்தான். சரியாக மேலே கட்டிய கம்பியைக்கூடக் கான்கிரீட்டு கொட்டுபவர்கள் மிதித்துக் கீழே அமுக்கிவிடுவது உண்டு. பலகையைப் பிரிக்கும் நாளிலோ, சில ஆண்டுகள் கழித்து நான்கு பேர் நின்று வேடிக்கை பார்க்கும் நாளிலோ அதன் விளைவு தெரியவரும். ஆகவேதான் கான்கிரீட்டு கொட்டுவதற்கு முன்பு பொறியாளர் ஒருமுறை வந்து கம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறோம். கொட்டிய பின்னர்க் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

இனி மண்ணுக்கு வருவோம். ஒரு தூண் 30 டன் எடையை மண்ணுக்கு இறக்குகிறது என்று கொள்வோம். சதுர மீட்டருக்கு 30 டன்னைத் தாங்கும் கெட்டியான சரளை மண்ணாயின், அத்தூணின் அடிப்பீடத்திற்கு ஒரு சதுர மீட்டர் போதும். 10 டன்னை மட்டுமே தாங்கும் மென்மையான மண்ணாயின், மூன்று சதுர மீட்டர் வேண்டும். அதாவது பக்கத்திற்கு ஒன்றேமுக்கால் மீட்டர். சேற்று வயலில் வெறுங்காலோடு நின்றால் கால் புதைகிறது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதைவதில்லை. அதே நியாயந்தான். மண் எத்தகையது என்று தெரியாமல் கடைக்காலின் அகலத்தை எவராலும் சொல்ல இயலாது. பக்கத்து வீட்டிற்கு நான்கடி என்றால் நமக்கும் நான்கடி என்பது கணக்காகாது. எங்கள் பகுதியில் செம்மண்ணும் கரிசலும் அருகருகே கிடக்கின்றன. ஓர் ஓடையைத் தாண்டினால் மண் மாறிவிடும்.

கரிசல் மண்ணின் குணத்தை உழவர் அறிவர். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்பில் ஊன்றுகோலை விட்டால் உள்ளே இறங்கும். மழை பெய்தால் அதே மண் நீரை உறிஞ்சி உப்பும். ஆழமில்லாத கடைக்காலின்மேல் நிற்கும் வீட்டை இம்மண் ஆண்டுதோறும் மேலே தூக்கிக் கீழே இறக்குகிறது. வீட்டின் ஓரங்கள் மழையில் நனைய, நடுப்பகுதி நனையாமல் இருக்கும். ஆகவே எல்லா இடமும் ஒரே அளவில் உயர்வதில்லை. கதவு, சன்னல்களின் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் இவ்வாறு பிறப்பனவே. அவற்றைச் சிமெண்டு குழைத்துப் பூசி மறைப்பவர் உண்டு. அடுத்த மழைக்கு அவை மீண்டும் வெளிப்படும். நோய் மண்ணில் இருக்க, மருந்தைச் சுவருக்குப் பூசி என்ன பயன்?

இந்நோய்க்கு மருந்து கண்டவர்களும் நம் நாட்டவரே. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் 1950களில் தொடங்கிய ஆய்வுகளின் பயனாக, அடியில் குமிழ் விரிந்த குத்துத்தூண்களைக் கரிசல் நிலத்திற்கு ஏற்ற கடைக்காலாக வளர்த்தெடுத்தனர். பருவத்திற்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம்வரை, ஏறத்தாழ மூன்றரை மீட்டர், குழி துளைப்பர். அதன் அடியில் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குமிழ் வெட்டிக் கம்பியும் கான்கிரீட்டும் இடுவர். தூண்களின் தலைகளை உத்தரங்களால் பிணைத்து, அவ்வுத்தரங்களுக்கும் தரைக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவர். மேல்மண் உப்பினாலும் வீட்டைத் தொடாது. அடிமண் அசையாது, குமிழ் வேர்போல் பிடித்துக்கொள்ளும். இத்தகைய வழி இருக்கிறது என்பதே பல வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்து சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்.

கணக்குப் பிழைத்தால் நேர்வது விரிசல் மட்டும் என்றால், இவ்வளவு நேரம் உங்களிடம் பேசியிருக்க மாட்டேன். 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்று மாலை மழையின்போது சரிந்து தரைமட்டமாயிற்று. இடிபாடுகளில் சிக்கி 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். மாண்டவர்களுள் மிகப் பலர் பிழைப்புக்காக வந்து அங்கே உழைத்த கட்டடத் தொழிலாளர். தமிழக அரசு நீதியரசர் இரகுபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து ஆராயச் செய்தது. அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் நிற்கத் தகாதது எனக் கருதப்பட்டு, 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அன்று பெய்தது ஒரு மாலை மழை. ஒரு மழைக்கு நிற்காத கட்டடம், அம்மழைக்கு நெடுநாள் முன்னரே பிழைத்துவிட்ட கட்டடம்.

2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குசராத்தில் கட்ச் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திற்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்து நகரிலும் பல அடுக்குமாடி வீடுகள் இடிந்தன. அவற்றுள் பலவற்றில், வண்டிகள் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளம் சுவரின்றித் தூண்களோடு மட்டும் விடப்பட்டிருந்தது. மேலே சுவர்களால் விறைப்பான மாடிகள். கீழே மெல்லிய கால்கள். நிலம் பக்கவாட்டில் அசைந்தபோது கால்கள் முறிந்தன. இன்று நம் சிறு நகரங்களிலும் இவ்வகை வீடுகள் பெருகி வருகின்றன. கீழே வண்டி நிறுத்த இடம் விடுவது குற்றமன்று. அவ்வாறு விடும்போது தூண்களின் வலிமையைத் தனியே கணக்கிட வேண்டும் என்பதே கருத்து.

எங்கள் உறவினர் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். மகனுக்குத் திருமணம் முடிவாயிற்று. ஓய்வூதியப் பணம் கையில் இருந்தது. பழைய ஓட்டடுக்கு வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்மேல் ஒரு மாடி எழுப்ப எண்ணினர். "தாராளமாய்த் தாங்கும் ஐயா" என்று மேஸ்திரி உறுதி கூறினார். என்னிடம் முன்னர்ப் படித்துப் பொறியாளரான இளைஞர் ஒருவரை நான் அழைத்து வந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டச் சொன்னார். கடைக்காலின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்தார். அடியிலிருந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துச் சோதனைக்கும் அனுப்பினார். சில நாள் கழித்து, "ஒரு தளத்திற்கு மேல் இக்கடைக்கால் ஏற்காது" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் பெரும் வருத்தம். "நல்ல காரியத்திற்கு முன் இப்படிச் சொல்கிறானே" என்றுகூடப் பேசினர். அவ்விளைஞர் சினக்கவில்லை. பழைய சுவரின்மேல் பாரம் ஏற்றாமல், பக்கத்தில் புதிய தூண்களை நட்டு இரண்டு அறைகள் எழுப்பும் வழியை வரைந்து காட்டினார். செலவு சற்றுக் கூடிற்று. திருமணம் இரண்டு திங்கள் தள்ளிப் போயிற்று. இன்று அவ்வறைகளில் பேரக் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். "முடியாது" என்று தக்க நேரத்தில் சொல்வதும் இத்தொழிலின் கடமைகளுள் ஒன்று என்பதை நான் அன்று நேரில் கண்டேன்.

இவ்வாறு கூறுவதால் மேஸ்திரியின் அறிவை நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டா. கலவையின் பதத்தைக் கைப்பட அறிந்தவர் அவர். அவருடைய கையும் பொறியாளரின் கணக்கும் சேர வேண்டும். ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு, அதாவது 50 கிலோகிராமிற்கு, 25 லிட்டர் தண்ணீர் என்று பொறியாளர் குறித்திருப்பார். அவ்வளவில் கலவை கெட்டியாக இருக்கும்; கொட்டிப் பரப்ப உழைப்பு மிகும். இளக்கமாக ஓடட்டும் என்று மேலும் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டால், அந்த மிகுநீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும். 53 என்ற எண் பொறித்த மூட்டையை வாங்கினோம் என்று மகிழ்வதில் அப்போது பொருளில்லை. அவ்வெண் சோதனைச் சாலையில் அச்சிமெண்டு காட்டிய வலிமை; நம் வீட்டின் வலிமை அன்று. தளம் போட்டபின் நனைத்து வருவதும் அத்தகையதே. குறைந்தது ஏழு நாள், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் பத்து நாள், கான்கிரீட்டு ஈரமாகவே இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூல் கூறுகிறது. வெயில் மிகுந்த எங்கள் பகுதியில் அதற்கு மேலும் நனைப்பது நன்று.

"அரசு ஒப்புதல் வாங்கிவிட்டோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்பர். 2024ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில், 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர், தாமே உறுதிமொழி தந்து இணையவழியில் உடனே ஒப்புதல் பெறும் முறை வந்துள்ளது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பொறுப்பு முழுவதும் கட்டுபவர் தோளில் ஏறுகிறது என்பதை உணர வேண்டும். ஒப்புதல் தாள் கட்டுவதற்கு உரிமை தருகிறது, கூரையைத் தாங்குவதில்லை. தரையோட்டின் நிறத்தைத் தெரிந்தெடுக்கப் பத்துக் கடைகள் ஏறி இறங்கும் நாம், கடைக்காலைப் பற்றிக் கேட்க ஒரு நாள் செலவிடத் தயங்கலாமா? பொறியாளருக்குத் தரும் ஊதியம் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு. வேண்டாத இடத்தில் கம்பியைக் குவிக்காமல் அவர் தடுப்பதால் அதில் ஒரு பகுதி திரும்பி வருவதும் உண்டு.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலும் ஒரு நாள் வீடு கட்டும் பேச்சு எழும். அன்று பெரியவர்களிடம் பணிவோடு நான்கு கேள்விகள் கேளுங்கள். மண்ணைச் சோதித்தாயிற்றா? எடையைக் கணக்கிட்டுக் கம்பியின் அளவையும் இடத்தையும் குறித்த வரைபடம் கையில் இருக்கிறதா? கான்கிரீட்டு கொட்டுமுன் கம்பியைப் பார்க்கப் பொறியாளர் வருவாரா? பிற்காலத்தில் மாடி எழுப்பும் எண்ணம் உண்டாயின், அதனை இப்போதே அவரிடம் சொல்லியாயிற்றா? பள்ளியில் நீங்கள் பயிலும் நெம்புகோலும் அழுத்தமும் விசைகளின் சமநிலையும் தேர்வுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அவற்றையே பொறியாளர் தம் தாளில் எழுதுகிறார். உங்களுள் சிலர் நாளை அத்தொழிலை மேற்கொள்ளலாம். அப்போது நீங்கள் கூட்டும் ஒவ்வோர் எண்ணின் கீழும் ஒரு குடும்பம் உறங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.